முட்டைக் கணக்கு

சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸ், இரண்டாவது மாடி.
நாற்பத்தொன்றாம் சாட்சி நான்.
ஓய்வுபெற்ற நீதிபதி மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி கேட்கிறார்:
அன்று எத்தனை முட்டை அவித்தாய் அம்மா?

நூற்று நாற்பத்து மூன்று ஐயா.
மணி பதினொன்றே முக்கால். சோறு முக்கால் வேக்காடு.
குடியாத்தம் பஸ் டயர் வெடித்ததென்றுதான் நினைத்தேன்.
பிறகு நாலு பேர்.
அவர்கள் பேச்சு எனக்கு விளங்கவில்லை.
எந்தக் கொடி, எந்த மதம் என்று
என்னைவிட நன்றாக டிவிக்குத் தெரிந்திருந்தது.

முப்பத்தொரு மணிநேரம், ஐந்தாம் வகுப்பு அறையில் எல்லோரும்.
இருட்டில் கிருபாவதி டீச்சர்
தலை தலையாகத் தொட்டு வருகை எடுத்தார்.
நான் கைக்குக் கை முட்டை கொடுத்தேன்.
ஓடு உரியும் சத்தத்துக்கே துப்பாக்கி திரும்பியது;
பிள்ளைகள் எச்சில் தொட்டு நனைத்து உரித்தார்கள்.

நாலு பேரில் ஒருவனுக்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை.
என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.
கொடுத்தேன்.
பதிவேட்டில் பின்னால் எழுதினேன்:
உடைந்தது, ஒன்று.

ஒரு வக்கீல் எழுந்தார்: தீவிரவாதிக்கு அரசாங்க முட்டையா?
மறுநாள் அதுவே தலைப்புச் செய்தி.
சட்டசபையில் அந்த ஒரு முட்டைக்காக
இரண்டு மணிநேரம் மேசையைத் தட்டினார்களாம்.

மறுநாள் சாயங்காலம்
தலைக்கு மேலே இன்னொரு ஓடு பிரிந்தது.
கறுப்பு உடையில் இறங்கினார்கள்.
நான் சாம்பார் குண்டானுக்குப் பின்னால் குப்புறக் கிடந்தேன்,
எனக்கடியில் மூன்று பிள்ளைகள்.
எழுந்தபோது ஆறு பேர் எழவில்லை.
யார் தோட்டா என்று இந்தக் கமிஷன்
பதினான்கு மாதமாகக் கேட்கிறது.

அடுப்பு மூட்டும் ஷம்ஷாத் அன்றைக்கு லீவு.
ஏன் லீவு என்று பதினெட்டு நாள் வைத்திருந்தார்கள்.
தூரம், வயிற்றுவலி என்பதை
தினம் ஒரு புது ஆம்பிளையிடம் சொன்னாளாம்.
திரும்பி வந்தவள் பள்ளிக்கூடம் பக்கம் வரவில்லை.
ஆம்பூரில் ஷூ கம்பெனிக்குப் போகிறாள்.
வழியில் பார்த்தால் பஸ் ஜன்னலை மூடிக்கொள்கிறாள்.

எட்டடிச் சுவர் எழுப்பினார்கள். இரும்புக் கதவு,
கதவருகே நாற்காலி, நாற்காலியில் போலீஸ்காரர்.
மூன்றாம் மாதத்திலிருந்து நாற்காலி மட்டும்.

பொறுப்பேற்று ராஜினாமா செய்தவர்
எம்.எல்.ஏ. பதவியையும் விட்டார்.
இடைத்தேர்தலில் அவரே நின்றார்.
கெங்கையம்மன் சிரசு ஊர்வலம் போகும் தெருவெல்லாம்
ஆறு பிள்ளைகள் சிரிக்கும் போஸ்டர்.
நாலாவது படம் தணிகைவேலு.
அவன் சாகவில்லை ஐயா.
பசை காயாத போஸ்டரைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து
“ஆயாம்மா, நான் செத்துட்டனா?” என்றான்.
அவர் பதினோராயிரம் ஓட்டில் ஜெயித்தார்.

முட்டைக்கு வருகிறேன்.
பள்ளி திறந்த பிறகும் நூற்று நாற்பத்து மூன்றுதான் வந்தது.
பெயர் நீக்க இறப்புச் சான்று வேண்டும்,
சான்று தர கமிஷன் முடிய வேண்டும் என்றார்கள்.
தினமும் ஆறு.
வீட்டுக்குக் கொண்டுபோனால் திருட்டு.
‘மிச்சம்’ என்று எழுதப் பதிவேட்டில் கட்டம் கிடையாது.
முன்வரிசைத் தட்டில் வைத்தால்
ஒரு பெண்பிள்ளை விரலால் தள்ளினாள்:
“இது யுவராணியோடது.”

தணிகைவேலு மட்டும் கை நீட்டினான்.
“எனக்கு ரெண்டு வரணும் ஆயாம்மா.
போஸ்டர்லயும் நான் இருக்கேன்.”

நீதிபதி கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.
சம்பந்தமில்லாதது, பதிய வேண்டாம் என்றார்.
டைப் அடித்த பெண் கையை எடுத்தாள்;
விசிறிச் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் இருந்தது.

கீழே பயணப்படி நாற்பத்திரண்டு ரூபாய் தந்தார்கள்.
ரேணுகாம்பாள் என்று கையெழுத்துப் போட்டேன்.
நாளைக்கு எத்தனை வேகவைப்பது என்று
அங்கேயும் கேட்டுப் பார்த்தேன்.
இரண்டாவது மாடியில் கேட்கச் சொன்னார்கள்.